முதல் கமரா வாங்கப் போகிறவருக்கு

“விலை கூடாமல் நல்ல கமரா ஒன்று சொல்லுங்கோ” என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் போனில் எந்தப் படங்கள் சரிவரவில்லை? பதில் அனேகமாக எல்லாரிடமும் ஒரே மாதிரி வரும். கொழும்புக் காலிமுகத்திடலில் பின்னேரம் நான்கு மணிக்கு எடுத்த படத்தில் ஒரு குறையும் இராது. வெள்ளவத்தைக் கடற்கரையில் வெயிலோடு எடுத்ததும் நன்றாகவே இருக்கும். பொழுதுபட்ட பிறகுதான் சிக்கல். கோயிலுக்குள் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த அம்மாவின் முகம் மெழுகு பூசினாற்போல் கிடக்கும். ஆடிவேல் தேரோடு நடந்துகொண்டு எடுத்தது கலங்கியிருக்கும். வீட்டுக்குள் ஓடித் திரியும் பிள்ளையின் கை மூன்றாகத் தெரியும். போர்ட்ரெயிட் மோடில் எடுத்தால் கொண்டையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரத்துப் பூக்களில் சில மங்கியும் சில வெட்டுப்பட்டும் நிற்கும்.

இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்று. போனின் லென்ஸும் அதற்குப் பின்னால் இருக்கும் சென்சரும் மிகச் சிறியவை. உள்ளே போகும் வெளிச்சம் கொஞ்சம். மிச்சத்தை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. ஆகவே கமரா வாங்குவது என்றால் காசு கொடுத்து வெளிச்சம் வாங்குவது. கடையில் உங்களுக்குச் சொல்லப்படும் ஒவ்வொரு அம்சத்தையும் ‘இதனால் எனக்குக் கூடுதல் வெளிச்சம் கிடைக்குமா?’, ‘இதை நான் ஒவ்வொரு நாளும் தூக்கிக்கொண்டு போவேனா?’ என்ற இரண்டு கேள்விகளால் அளந்து பாருங்கள். முக்கால்வாசிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சென்சரும் மெகாபிக்ஸலும்

சென்சர் என்பது பழைய கமராவில் ஃபில்ம் இருந்த இடத்தில் இருக்கும் சில்லு. வெளிச்சத்தை வாங்கிப் படமாக மாற்றுவது அதுதான். அதன் பரப்பு பெருக, அதில் விழும் மொத்த வெளிச்சமும் பெருகும்.

நடுத்தர விலைப் போன் ஒன்றின் சென்சரை 6.4 × 4.8 மிமீ என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 31 சதுர மிமீ அளவில் வரும். சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. ஏபிஎஸ்-சி என்று சொல்லப்படும் சென்சர், நிக்கோன், சோனி, ஃபுஜிஃபில்ம் கமராக்களில் 23.5 × 15.6 மிமீ அளவில் இருக்கும். கெனனில் கொஞ்சம் சிறிதாக 22.3 × 14.9. முதலில் சொன்ன அளவின் பரப்பு 366 சதுர மிமீ, அதாவது நாம் எடுத்துக்கொண்ட போனைப் போலப் பன்னிரண்டு மடங்கு. ஃபுல் ஃபிரேம் சென்சர் 36 × 24 மிமீ, 864 சதுர மிமீ. ஏபிஎஸ்-சியுடன் ஒப்பிட்டால் ஏறத்தாழ 2.4 மடங்கு.

இந்த எண்களில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. போனிலிருந்து ஏபிஎஸ்-சிக்குப் போகும்போது பன்னிரண்டு மடங்கு கிடைக்கிறது. அங்கிருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் 2.4 மடங்குதான், ஆனால் விலையும் லென்ஸின் பாரமும் எங்கேயோ ஏறிவிடும். முதல் கமராவுக்கு ஏபிஎஸ்-சி போதும் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். பானசோனிக், ஒலிம்பஸ் பக்கம் இருக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சர் 17.3 × 13 மிமீ. அதுவும் தாராளமாகப் போதும், லென்ஸ்களும் கையடக்கமாக இருக்கும். சட்டைப்பை கமராக்களில் ‘ஒரு அங்குல சென்சர்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஒரு அங்குலம் என்று எண்ணிவிட வேண்டாம். அது 13.2 × 8.8 மிமீ. பழைய வீடியோக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து அழைத்த வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மெகாபிக்ஸலைப் பற்றி நிறையக் கதைக்கத் தேவையில்லை. 6 × 4 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சடிக்க 2 மெகாபிக்ஸலுக்குச் சற்று மேல் போதும். ஏ4 தாள் முழுவதற்கும் 9 மெகாபிக்ஸலுக்குள் அடங்கும். 2014 இல் வந்த சோனி ஏ6000 இலேயே 24 மெகாபிக்ஸல் இருக்கிறது. பத்து வருடப் பழைய கமரா என்று தயங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

காசை லென்ஸில் போடுங்கள்

புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

லென்ஸின் முன்வளையத்தில் எஃப் என்ற எழுத்தோடு அல்லது 1: என்று ஓர் எண் இருக்கும். எஃப் 1.8, எஃப் 3.5–5.6 என்பவை அப்படி வருபவை. லென்ஸின் குவியத் தூரத்தை (லென்ஸின் பெயரில் வரும் மிமீ எண் அதுதான்) அதன் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது அந்த எண். 50 மிமீ லென்ஸ் எஃப் 1.8 இல் திறந்திருந்தால் துளை 28 மிமீ அளவு. அதே 50 மிமீயை எஃப் 5.6 இல் வைத்தால் துளை 9 மிமீ தான். வெளிச்சம் விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய பத்து மடங்கு. எண் சிறிதென்றால் துளை பெரிது என்பதை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

இனிக் கோயிலுக்குள் போவோம். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் முழுக்கக் கருங்கல். கல் வெளிச்சத்தை விழுங்கிவிடும். பின்னேரப் பூசை நேரத்தில் முகங்களில் விழுவது விளக்கொளியும் வாசல்வழி வரும் கொஞ்ச வெளிச்சமும்தான். உள்ளே படமெடுக்கலாமா என்று முதலில் கேட்டு, ஆமென்றால் மட்டும் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கும்பிட்டு நிற்கும் ஒருவரைக் கலங்காமல் எடுக்க ஷட்டர், அதாவது சென்சருக்கு முன்னால் திறந்து மூடும் திரை, 1/125 செக்கனில் இருக்க வேண்டும். எஃப் 1.8 லென்ஸில் ஐஎஸ்ஓவை (கிடைத்த வெளிச்சத்தைக் கமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற அளவு) 1600 இல் வைத்தால் படம் சரியாக விழுகிறது என்றால், அதே இடத்தில் அதே ஷட்டரில், கமராவோடு வரும் கிட் லென்ஸை முழுக்க நீட்டி எஃப் 5.6 இல் எடுக்க ஐஎஸ்ஓ 15,000 வரை ஏற்ற வேண்டிவரும். ஏபிஎஸ்-சி கமராவில் 1600 இல் படம் துப்புரவாக இருக்கும். 15,000 இல் புடவைக் கரையின் நூல்வேலை எல்லாம் மணலாகிவிடும். இரண்டுக்கும் கமரா ஒன்றுதான். லென்ஸ் மட்டுமே மாறியது.

கமராவோடு பெட்டியில் சேர்த்துத் தருவது கிட் லென்ஸ். 18–55 எஃப் 3.5–5.6 என்பது வழமையான அளவு. அதை இகழ வேண்டியதில்லை. பகலில், பயணத்தில் அது நல்ல சாமான். கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலில் யன்னலோரம் இருந்துகொண்டு தேயிலைத் தோட்டங்களை எடுக்க, தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலத்தை எட்ட நின்று எடுக்க, அதை விட வேறொன்றும் தேவையில்லை. ஓடும் ரயிலில் ஷட்டரை 1/500க்கு மேல் வையுங்கள், அவ்வளவுதான். ஆனால் பொழுதுபட்டதும் அதன் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு வேண்டியது சூம் இல்லாத, துளை பெரிய ஒரு லென்ஸ். இதைப் பிரைம் லென்ஸ் என்பார்கள்.

எத்தனை மிமீ பிரைம் என்பதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஏபிஎஸ்-சி சென்சர் சிறிதாக இருப்பதால், ஃபுல் ஃபிரேமோடு ஒப்பிட்டால் காட்சி ஒடுங்கும். லென்ஸின் மிமீ எண்ணை நிக்கோனிலும் சோனியிலும் 1.5 ஆல், கெனனில் 1.6 ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். மலிவு என்று எல்லாரும் சொல்லும் 50 மிமீ எஃப் 1.8 லென்ஸைக் கெனனில் போட்டால் அது 80 மிமீ மாதிரி நடக்கும். ஒருவருடைய முகத்தை எடுக்க அருமையான லென்ஸ். ஆனால் புறக்கோட்டைக் குறுக்குத் தெருவில், நாட்டாமைகள் வண்டில் தள்ளிக்கொண்டு வரும் நெரிசலில், சிவப்புப் பள்ளிவாசலுக்கு முன்னால் நின்று அதில் கண்ணை வைத்தால் கோபுரத்தின் ஒரு துண்டுதான் தெரியும். பின்னால் போகவும் இடமில்லை.

ஒவ்வொரு நாளும் எடுக்க எனக்குப் பிடித்தது பெருக்கிய பிறகு 35 இலிருந்து 50ஐ ஒட்டிய அளவு வரை வரும் லென்ஸ். நிக்கோனின் டிஎக்ஸ் (ஏபிஎஸ்-சிக்கு நிக்கோன் வைத்த பெயர்) 35 மிமீ எஃப் 1.8 அப்படி ஒன்று, 200 கிராம்தான். கெனனின் 24 மிமீ எஃப் 2.8 இன்னும் மெல்லியது, 125 கிராம். அது கிட் லென்ஸைப் போல இரண்டு மடங்கு வெளிச்சமே தரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அதன் பலம் சிறிய உருவமும் கூர்மையும். எது உங்களுக்கு ஒத்துவரும் என்று காசு செலவழிக்காமல் அறிய ஒரு வழி இருக்கிறது. போனின் முதன்மைக் கமரா பெரும்பாலும் 24–26 மிமீ அளவு. அதில் இரண்டு மடங்குப் பொத்தானை அழுத்தினால் 50 மிமீயை ஒட்டி வரும். ஒரு கிழமைக்கு எல்லாவற்றையும் அந்த இரண்டு மடங்கிலேயே எடுத்துப் பாருங்கள். மூச்சு முட்டினால் உங்களுக்கு அகலமான லென்ஸ் வேண்டும். இயல்பாக இருந்தால் 35 மிமீ டிஎக்ஸ் போன்றதை வாங்கலாம்.

நடுக்கம் தடுக்கும் வசதி பற்றி ஒரு சொல். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், எதிரில் நிற்பவரின் அசைவைப் பிடிக்காது. பேரை வாவிக் கரையில் நின்று இரவில் தாமரைக் கோபுரத்தை எடுக்க உதவும். ஆனால் கோபுரம் அசையாதது. அதற்குப் போனின் நைட் மோடே போதும். ஆடுகிற பிள்ளையை நிறுத்திப் பிடிப்பது பெரிய துளையும் வேகமான ஷட்டரும்தான்.

தூரத்தில் இருப்பதை இழுத்து எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு 60 மடங்கு, 80 மடங்கு சூம் என்று பெரிதாக எழுதிய கமராக்கள் காட்டப்படும். அவற்றில் பலவற்றின் சென்சர் போனுடைய அளவுதான். முதல் கமராவாக அவற்றை நான் சொல்லமாட்டேன். மன்னாரில் பூநாரை, யாலவில் சிறுத்தை என்று உங்கள் மனம் அந்தப் பக்கம் போனால், பாவித்த 55–250 அல்லது 70–300 லென்ஸ் ஒன்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடி உள்ளதா, இல்லாததா

டிஎஸ்எல்ஆர் கமராவுக்குள் ஒரு சாய்ந்த கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழி வரும் காட்சியை அது மேலே திருப்பி உங்கள் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தும்போது எழும்பி வழிவிடும். மிரர்லெஸ் கமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. சென்சர் பார்ப்பதையே சிறு திரை ஒன்றில் நீங்களும் பார்க்கிறீர்கள். பழகுகிறவருக்கு இதில் பெரிய நன்மை இருக்கிறது. படம் இருட்டாக வரப்போகிறதா, வெளிறப்போகிறதா என்பது அழுத்துவதற்கு முன்பே தெரிந்துவிடும். உருவமும் சிறிது. பலவற்றில் சத்தமில்லாமலும் எடுக்கலாம்; ஆனால் சில எல்இடி விளக்குகளின் கீழ் சத்தமில்லா ஷட்டரில் கோடு கோடாக விழும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

டிஎஸ்எல்ஆரின் பலம் விலையும் பற்றரியும். நிக்கோன் டி3500 ஒரே சார்ஜில் 1,550 படம் எடுக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. சோனி ஏ6000க்கு அது, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக எடுத்தால், 310. கெனனோ 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் வெளியிடவில்லை. இதனால் பயப்படத் தேவையில்லை. நாளைக்குப் புது மாடல் வராது என்பதற்காக இன்று கையில் இருப்பது படமெடுக்காமல் விடாது. அவற்றுக்கான பாவித்த லென்ஸ்களும் நிறையவே கிடைக்கின்றன.

என் சொந்தத் தீர்ப்பைக் கேட்டால், ஒரே பணத்துக்கு இரண்டும் கிடைக்குமானால் மிரர்லெஸ். காரணம் தொழில்நுட்பம் அல்ல, பாரம். ஏ6000 பற்றரியோடு 344 கிராம். வேலைக்குப் போகும் பையில், சாப்பாட்டுப் பெட்டிக்கும் குடைக்கும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறலாம். பெரிய கமராவும் இரண்டு லென்ஸும் என்று சேர்த்தால் அது திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் மட்டுமே வெளியே வரும். படமெடுக்கப் பழகுவது சாதாரண நாட்களில்தான். மழை விட்ட பின்னேரத்தில், ஓட்டோவுக்குக் காத்து நிற்கும் ஐந்து நிமிடத்தில்.

எவற்றைப் பார்க்கலாம்

மிகக் குறைந்த செலவில் தொடங்குகிறவருக்கு, பாவித்த நிக்கோன் டி3300 அல்லது டி3500, கூடவே அந்த 35 மிமீ எஃப் 1.8. படத்தின் தரத்துக்கு இந்த விலையில் இதற்கு நிகர் குறைவு. இரண்டு விஷயம் தெரிந்து வாங்குங்கள். இந்தக் கமராக்களில் வைஃபை இல்லை. டி3500 இல் புளூடூத் மட்டும் உண்டு. அதனால் போனுக்குப் படம் மாற்ற ஒரு கார்ட் ரீடர் வாங்கிக்கொள்வது நல்லது. அடுத்தது, இவற்றுக்குள் ஃபோகஸ் மோட்டர் இல்லை. ‘ஏஎஃப்-எஸ்’ அல்லது ‘ஏஎஃப்-பி’ என்று எழுதிய லென்ஸ்தான் தானாக ஃபோகஸ் ஆகும். பெயரின் முடிவில் டி எழுத்துள்ள பழைய 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். அதைப் போட்டால் ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருப்ப வேண்டியிருக்கும்.

திரையைத் திருப்பி, தொட்டு ஃபோகஸ் செய்ய விரும்புகிறவருக்குக் கெனன் 200டி. வைஃபையும் உண்டு. சிறிய மிரர்லெஸ் என்றால் ஏ6000. அதன் திரை தொடுதிரை அல்ல, ஆனால் ஃபோகஸ் வேகமானது, சாதாரண மைக்ரோ யூஎஸ்பி வயரிலேயே சார்ஜ் ஏறும். பவர் பேங்க் இருந்தால் பயணத்தில் கவலையில்லை. வீடியோதான் முக்கியம் என்றால் சோனி இசட்வி-இ10. அதிலும் நிக்கோன் இசட்30 இலும் வியூஃபைண்டர் இல்லை. கொழும்பு மதிய வெயிலில் பின்திரை கண்ணாடி மாதிரி மின்னும்போது எதை எடுக்கிறோம் என்றே தெரியாது. அதனால் படத்துக்காக வாங்குகிறவருக்கு வியூஃபைண்டர் இருப்பதையே சொல்வேன்.

கெனன் எம்50 பாவித்ததாக நிறைய வரும், படமும் நன்றாக இருக்கும். ஆனால் அது சேர்ந்த இஓஎஸ் எம் வரிசையைக் கெனன் முடித்துவிட்டது. கெனனின் இன்றைய ஆர்எஃப் லென்ஸ்கள் அதில் பொருந்தா. அதற்கென்று வந்த 22 மிமீ எஃப் 2 லென்ஸ் 105 கிராம் பாரத்தில் ஓர் அற்புதம். கமராவும் அந்த லென்ஸும் சேர்த்து நல்ல விலைக்கு வந்தால், இனி இதற்கு வேறொன்றும் வாங்கமாட்டேன் என்று தீர்மானித்து எடுக்கலாம். படிப்படியாக லென்ஸ் சேர்க்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம்.

புதிதாகத்தான் வாங்குவேன் என்பவருக்கு 2023 இல் வந்த கெனன் ஆர்50 நல்ல தொடக்கம். 375 கிராம், திருப்பும் தொடுதிரை, கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸ். அதே வருடம் வந்த ஆர்100 இன்னும் மலிவு. ஆனால் அதன் திரை திரும்பாது, தொடுதிரையும் அல்ல. போனில் பழகிய கைக்கு அது அலுப்பாக இருக்கும். நிக்கோன் இசட்50 உம், அதோடு 24 மிமீ எஃப் 1.7 லென்ஸும் எனக்கு மிகப் பிடித்த சோடி. லென்ஸே மாற்றமாட்டேன், சட்டைப்பையில் இருந்தால் போதும் என்பவர் சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் ஒன்றைப் பாவித்ததாகத் தேடலாம்.

கையில் 100 ரூபாய் இருந்தால் 55 ரூபாய் கமராவுக்கும் கிட் லென்ஸுக்கும், 30 பிரைம் லென்ஸுக்கும், மிச்சம் 15 கார்ட், இரண்டாவது பற்றரி, ஈரம் புகாத பெட்டி ஆகியவற்றுக்கும். கமராவுக்கே 95 ஐக் கொடுத்துவிட்டு வந்தால் அந்த நல்ல கமராவும் இருட்டில் கிட் லென்ஸோடு திணறும்.

விலை என்று வரும்போது டொலரை மறக்க முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 350 ஐத் தாண்டியது. பாவித்த சாமானின் விலையும் அதோடு சேர்ந்தே ஏறும். ஆகவே பாவித்த கமராவின் விலையை, அதே தரத்தில் வொரண்டியோடு இன்று கிடைக்கும் புதிதின் விலையோடு வைத்துப் பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் புதிதை வாங்குவதே நல்லது. வொரண்டி நாட்டிலுள்ள முகவருடையதா, கடைக்காரர் தன் பேரில் தருவதா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பாவித்ததை வடிவாகப் பார்த்து வாங்குவது

இக்மன் இணையத்தள விளம்பரத்தில் பார்த்தாலும் பம்பலப்பிட்டிக் கடையில் பார்த்தாலும், கையில் எடுத்துப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். போகும்போது ஒரு வெற்று மெமரி கார்டும் சார்ஜ் உள்ள போனும் கொண்டு போங்கள்.

முதலில் லென்ஸைக் கழற்றுங்கள். போன் டோர்ச்சைப் பின்பக்கமாகப் பிடித்து, முன்பக்கத்தால் சற்றுச் சாய்த்து உள்ளே பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மெல்லச் சாய்க்கச் சாய்க்கத்தான் தெரியும். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் வராது. ஒரு புள்ளியிலிருந்து கிளைவிட்டுப் பரவும் மெல்லிய வெள்ளை நூல்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அது பூஞ்சணம். “தம்பி, அது சும்மா தூசி, துடைச்சால் போயிடும்” என்று சொல்லப்படலாம். உள்ளே இருப்பதைத் துடைக்க லென்ஸைப் பிரிக்க வேண்டும். பூஞ்சணம் கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் பிரித்துத் துடைத்தாலும் அந்தத் தடம் போகாது. எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த லென்ஸை விட்டுவிடுங்கள். கொழும்பு ஈரத்தில் இது அடிக்கடி காணும் நோய். பின்பு சூம் வளையத்தைத் திருப்புங்கள். உள்ளே நறநறவென்று உராய்ந்தால் கடற்கரை மணல் போயிருக்கிறது.

லென்ஸைத் திரும்பப் பூட்டி, எஃப் 22 இல் வெள்ளைச் சுவர் ஒன்றை ஃபோகஸ் இல்லாமல் எடுத்து, படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் சென்சரில் உள்ள தூசி, துப்புரவாக்கலாம். கீறல் போல் கோடு இருந்தால் வாங்க வேண்டாம். 1/1000 செக்கனில் ஒரு படம் எடுத்து முழுப் படமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் இருண்டால் ஷட்டர் களைத்துவிட்டது. கிட்டவும் எட்டவும் மாறி மாறி ஃபோகஸ் செய்து சத்தத்தைக் கேளுங்கள்.

ஷட்டர் எத்தனை தடவை அடித்தது என்பதும் முக்கியம். டி3500 இன் ஷட்டரை நிக்கோன் ஒரு லட்சம் தடவைக்குச் சோதித்திருக்கிறது. நிக்கோனில் எடுத்த படத்தின் விவரத்துக்குள்ளேயே அந்த எண்ணிக்கை பதிந்திருக்கும். போனில் ஒரு செயலியால் வாசித்துவிடலாம். கலியாண வீடுகளில் ஓடி உழைத்த கமரா வெளியே பளபளப்பாக இருந்தாலும் எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும்.

பற்றரி மூடி, கார்ட் போடும் இடத்தின் ஊசிகள், மேலே ஃபிளாஷ் பூட்டும் இடம், திருகாணிகள் ஆகியவற்றைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. திருகாணித் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பற்றரி உப்பியிருக்கக் கூடாது. சோனி கமரா என்றால் மெனுவில் மொழியை மாற்றிப் பாருங்கள். ஜப்பான் சந்தைக்கென்று செய்யப்பட்டவற்றில் ஜப்பானிய மொழி மட்டும் இருக்கும். கடைசியாக, கமராவின் அடியில் உள்ள சீரியல் நம்பரும் பெட்டியிலும் பில்லிலும் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். யாரோ தொலைத்ததை நாம் வாங்கிவிடக் கூடாது.

ஈரம்

கமராவைக் கொழும்பில் பாதுகாப்பது என்பது ஈரத்திலிருந்து பாதுகாப்பதுதான். அலுமாரியில் உடுப்புக்குள் சுற்றி வைப்பதும் தோல் பையில் போட்டு மூடி வைப்பதும் பூஞ்சணத்துக்குத் தீனி போடும் வேலை. இறப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று வாங்குங்கள். அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் வைத்தால் வேலை முடிந்தது. மீட்டர் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்கும் கீழே மிகவும் இறங்கினால் இறப்பரும் எண்ணெயும் காயும், அதுவும் கூடாது.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்த உடனே லென்ஸ் வேர்க்கும். புறப்படுமுன் கமராவைப் பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, வெளியே வந்து அரை மணித்தியாலம் பொறுத்து எடுங்கள். நீர்த்துளிகள் பையின் மேல் படியும், கமராவில் படியாது. நுவரெலியாக் குளிரிலிருந்து கீழே இறங்கும்போதும் இதுவே வழி. நான் மேலே சொன்ன கமராக்களில் பெரும்பாலானவற்றை மழைக்கென்று அடைத்துச் செய்யவில்லை. ஆகவே பையில் எப்போதும் ஒரு பொலித்தீன் இருக்கட்டும். காலிமுகத்திடலில் காற்றடிக்கும் நாளில் எடுத்துவிட்டு வந்தால், சற்றே நனைத்துப் பிழிந்த துணியால் கமராவின் வெளிப்பக்கத்தை ஒருமுறை துடையுங்கள். உப்பு காய்ந்து நின்றால் பொத்தான்களுக்குள் இறங்கும்.

சிலிக்கா ஜெல் செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறினால் அதன் ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். எறிய வேண்டாம். சமைக்காத பழைய தாச்சி ஒன்றில் போட்டு, மெல்லிய நெருப்பில் நிறம் திரும்பும் வரை கிளறி, நன்றாக ஆறிய பிறகு பெட்டிக்குள் வையுங்கள்.